பெல்ட்டின் நிறம் பார்த்துச் சேராதீர்கள்

2017 ஏப்ரல். சீனாவின் செங்டு நகரம். ஒரு பக்கம் தாய் சி குரு வெய் லெய். பறக்க முயலும் புறாவைத் தன் உள்ளங்கையிலேயே நிறுத்திவைக்கும் 'உள்சக்தி' படைத்தவர் என்று அரசுத் தொலைக்காட்சியே அவரைக் காட்டியிருந்தது. மறுபக்கம் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டையின் பயிற்சியாளர் ஷு சியாவ்தோங். வெய் லெய் கைகளை நிதானமாக உயர்த்தி நிலை எடுத்தார். ஷு பாய்ந்தார். இருபது வினாடிகூட ஆகவில்லை. குரு தரையில் கிடந்தார், மேலே குத்துகள் விழுந்துகொண்டிருந்தன, நடுவர் ஓடிவந்து விலக்கினார்.

வீடியோ சீனா முழுக்கப் பரவியது. பாரம்பரியக் கலையை அவமதித்துவிட்டார் என்று ஷுவின் மேல் கண்டனங்கள் பாய்ந்தன. அவருடைய சமூக ஊடகக் கணக்கே காணாமல் போனது. தாய் சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இன்னொரு கூட்டம் தீர்ப்பு எழுதியது. இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெய் லெய்க்கு எத்தனை நுட்பங்கள் தெரியும் என்பது அன்று கணக்கிலேயே வரவில்லை. தன்னை அடிக்க வருகிறவர்களோடு தினமும் பழகியவர் ஷு. அந்தப் பழக்கம் இல்லாதவர் எதிரில் நின்றார். அவ்வளவுதான் நடந்தது.

நம் ஊரில் பிள்ளையைத் தற்காப்பு வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "கராத்தே நல்லதா, டேக்வாண்டோ நல்லதா?" என்பது. பெரிய நகரம் என்றால் சிலம்பம், குத்துச்சண்டை, ஜூடோ, களரி, கிராவ் மகா என்று பட்டியல் நீளும். கடைசியில் எது வீட்டுக்குப் பக்கம், எது டியூஷன் நேரத்தோடு மோதாது என்பதில்தான் முடிவு நிற்கும். அதுவும் மோசமான அளவுகோல் இல்லை. தூரம் என்று பாதியில் நிற்கிற வகுப்பால் யாருக்கு லாபம்? ஆனால் நோக்கம் தற்காப்பு என்றால் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். அது என்னவென்று நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே டோக்கியோவில் ஒருவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

ஜிகோரோ கானோ சிறிய உருவம் கொண்டவர். மாணவப் பருவத்தில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியதால்தான் ஜுஜுட்சு கற்கப் போனார். சாமுராய்களின் காலம் முடிந்து, அந்தக் கலையைச் சீண்ட ஆளில்லாமல் போன நேரம் அது. பழைய ஆசான்களிடம் கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது, மூட்டைப் பெயர்ப்பது என்று கொடூரமான நுட்பங்கள் நிறைய இருந்தன. அவற்றை முழு வேகத்தில் யார்மேல் பழகிப் பார்ப்பது? கூடப் பயில்பவரின் விரலை முறித்துவிட்டால் மறுநாள் பயிற்சிக்கு ஆள் இருக்காது. ஆகவே அவற்றைப் பாவனையாகவே செய்துகாட்டினார்கள். ஒருவர் தாக்குவதுபோல் கை நீட்டுவார். மற்றவர் பிடித்து முறுக்குவதுபோல் முறுக்குவார். முதலாமவர் விழுவதுபோல் விழுவார்.

கானோ 1882-இல் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான நுட்பங்களை 'கட்டா' எனும் ஒத்திகை வரிசைக்கு ஒதுக்கினார். தூக்கி எறிவது, அமுக்கிப் பிடிப்பது, கழுத்தை நெரிப்பது, முழங்கையை மடக்குவது ஆகியவற்றை வைத்துக்கொண்டார். இவற்றை எலும்பு முறியாமல், எதிராளி முழுப் பலத்தோடு திமிறும்போதே பழக முடியும். நெரிபட்டவர் தரையைத் தட்டினால் பிடி விலகிவிடும். இந்தச் சுதந்திர மல்லுக்கு 'ரந்தோரி' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அதிபயங்கர நுட்பங்களைக் கழித்த பிறகுதான் அந்தக் கலைக்குப் பல் முளைத்தது. 1880களின் நடுவில் டோக்கியோ காவல் துறை நடத்திய போட்டிகளில் கொடோகான் மாணவர்கள் பழைய பள்ளிக்காரர்களைப் பாயில் சாய்த்தார்கள். அந்தப் பழைய பள்ளிகளின் கொலைகார நுட்பங்கள் ஏட்டில் இருந்தன. இவர்களின் சாதாரண நுட்பங்கள் உடம்பில் இருந்தன.

கானோவின் மாணவர் வழியில் வந்த மிட்சுயோ மாயேடா 1914-இல் பிரேசிலுக்குக் கப்பலேறினார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹேலியோவும் தரைச் சண்டையை வளர்த்தெடுத்ததுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் முதல் யூ.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டி நடந்தது. எந்தக் கலை பெரியது என்ற பஞ்சாயத்தைத் தீர்க்க எட்டுப் பேர், எடைப் பிரிவு கிடையாது. ஹேலியோவின் மகன் ராய்ஸ் ஏறக்குறைய எண்பது கிலோ ஆசாமி. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், உதைச்சண்டை வீரர் என்று ஒரே இரவில் மூவரைப் பணியவைத்தார். மூன்று சண்டைகளும் சேர்ந்து ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை.

அதற்காக எல்லோரும் ஜியு-ஜிட்சுவுக்கு ஓட வேண்டியதில்லை. பாயில் ஒருவரைக் கட்டிப் பிடித்துக் கிடப்பது வேறு. பஸ் ஸ்டாண்டு சிமென்ட் தரையில், எதிராளியின் கூட்டாளிகள் இருவர் பக்கத்தில் நிற்கும்போது கட்டிப் பிடித்துக் கிடப்பது வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பயிற்சி முறையைத்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் நம் ஊர் வகுப்புகள் வேறு மாதிரி தெரியும். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். குத்துச்சண்டையில் கற்றுத் தருவது நான்கைந்து குத்துகள், கொஞ்சம் காலடி, தலையைக் காக்கும் விதம், அவ்வளவே. ஆனால் சில மாதங்களில் முகத்தில் நிஜமாகவே குத்து விழும். முதல் குத்தில் கண் இருண்டு கை தொங்கிவிடுகிற அதிர்ச்சியைப் பயிற்சிக் கூடத்திலேயே தாண்டிவிடலாம். தெருவில் அந்த அதிர்ச்சிதான் பலரைச் சாய்க்கிறது. ஜூடோவுக்கும் குஸ்திக்கும் இதே சிறப்பு உண்டு. ஜூடோவில் போனசாக விழக் கற்றுத் தருவார்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து உருளுவது. ரவுடியைச் சந்திக்கும் வாய்ப்பைவிட ஸ்கூட்டரிலிருந்து விழும் வாய்ப்பு அதிகமுள்ள நமக்கு, மொத்தக் கட்டணமும் அந்த ஒரு பாடத்திலேயே வசூலாகிவிடும்.

கராத்தே என்பது ஒரே பொருள் இல்லை. முழுப் பலத்தோடு மோதவிடும் கியோகுஷின் போன்ற பிரிவுகளும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொரு பெல்ட்டுக்கும் தேர்வுக் கட்டணம், இரண்டு வருடம் கழித்தும் ஒருவரையொருவர் தொடாமல் காற்றில் குத்தும் வகுப்புகளும் உண்டு. டேக்வாண்டோவின் உயர உதைகள் ஒலிம்பிக்கில் புள்ளி தரும். ஜீன்ஸ் போட்டு, தோளில் பையோடு, மழை ஈரத்தில் நிற்பவருக்கு அவை அவ்வளவாக உதவா. ஆனாலும் போட்டிக்குப் போகிற டேக்வாண்டோ மாணவருக்கு எதிராளியின் வேகமும் தூரமும் பழகியிருக்கும். காற்றில் குத்துபவரைவிட அவர் மேல்.

சிலம்பத்தில் கம்பைவிடக் காலடிதான் சொத்து. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு வகுப்புகளில் கூட்டம் கூடியிருக்கிறது. அலங்காரச் சுற்றோடு நின்றுவிடாமல், தொட்டுப் புள்ளி எடுக்கும் மோதலுக்கும் மாணவர்களை இறக்கும் ஆசான் கிடைத்தால் விட வேண்டாம். களரியில் முதலில் உடல் பயிற்சி, பிறகு கம்பு, பிறகு உலோக ஆயுதம், கடைசியில்தான் வெறுங்கை. கேரளத்து வடகரையின் மீனாட்சி அம்மா எழுபதைத் தாண்டியும் வாளோடு களம் கண்டு 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஏழு வயதில் தொடங்கியவர். அது வாழ்நாள் கலை. அடுத்த மாதம் இரவுப் பணிக்குப் போக வேண்டியவருக்குக் களரி சொல்வது சரியாக இருக்காது.

அப்படி அவசரப்படுபவர்களுக்கு என்றே விற்கப்படுவது கிராவ் மகா. 1930களில் பிராட்டிஸ்லாவாவில் யூத எதிர்ப்புக் கும்பல்களோடு தெருவில் மோதிய இமி லிக்டன்ஃபெல்ட் என்ற மல்யுத்த, குத்துச்சண்டை வீரர், பின்னாளில் இஸ்ரேல் ராணுவத்துக்காக உருவாக்கிய முறை இது. சிப்பாய்களுக்குப் பயிற்சி தர வாரக்கணக்கில்தான் நேரம் இருந்தது. அதனால் உடம்பின் இயல்பான அனிச்சைச் செயல்களின் மேலேயே அதைக் கட்டினார். நல்ல அடிப்படைதான். ஆனால் பெரும்பாலான கிராவ் மகா வகுப்புகளில் போட்டி என்று ஒன்று கிடையாது. ஆகவே வார இறுதிச் சான்றிதழ் வாங்கியவர் யார், தேர்ந்தவர் யார் என்று வெளியாளுக்குப் புரிவது கஷ்டம். ரப்பர் கத்தியை நீட்டியவன் சிலைபோல் நிற்க, மாணவர் அதை நளினமாகப் பிடுங்குகிறார் என்றால் அங்கே மீண்டும் பாவனைதான் நடக்கிறது. கத்தி பற்றி அமெரிக்கப் போலீஸ்காரர் டென்னிஸ் டுயல்லர் 1983-இல் எழுதியதைத்தான் நினைவில் வைக்க வேண்டும்: கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். கத்தியைக் கண்டால் பர்ஸை வீசிவிட்டு ஓடு என்று முதல் வகுப்பிலேயே சொல்லும் மாஸ்டர் நேர்மையானவர்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் தெருவில் தாக்க வருவான் என்ற கற்பனையில் சொன்னது. பெண்களுக்கு நிலவரம் வேறு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், காதலர். இருட்டுச் சந்தில் முகமூடிக்காரனை உதைக்கும் பயிற்சி இங்கே எந்த மூலைக்கு?

கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லீன் சென் இந்த இடத்தில்தான் தொடங்கினார். மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 893 முதலாண்டு மாணவியரில் ஒரு பாதிக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. மறு பாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பிரசுரக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். முயற்சி அளவில் நின்ற தாக்குதல்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: 9.3-க்கு எதிராக 3.4. 2015-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் இதை வெளியிட்டது.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உடல்சார்ந்த தற்காப்பு ஒரு பகுதி மட்டுமே. அதுவும் வென்-டோ என்ற, பெண்களுக்காகவே அமைந்த எளிய முறை. மீதி நேரம் எதற்கு? தெரிந்தவன் எல்லை மீறத் தொடங்கும் அறிகுறிகளைச் சட்டென்று அடையாளம் காண்பதற்கு. 'நல்ல மனுஷனாச்சே', 'தப்பா நினைச்சுக்குவாரோ' என்ற மனத்தடையைத் தாண்டுவதற்கு. நம் வீடுகளில் அந்தத் தடை இன்னும் கனமானது. பெரியப்பா மகன் என்றால் பெண் முதலில் கெஞ்சுவாள். "வேணாம் அண்ணா, ப்ளீஸ்" என்று குரல் தணியும். அடிவயிற்றிலிருந்து "கையை எடு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவது தானாக வராது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கூச்சம் போகும்வரை கத்திப் பழக வேண்டியிருக்கிறது.

பிறகு கை. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பவனிடம் நேராகப் பின்னால் இழுத்தால் பலசாலிதான் ஜெயிப்பான். பிடியின் பலவீனமான இடம், அவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. முன்கையின் ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளியை நோக்கித் திருப்பி, முழங்கையை அவன் பக்கம் மடக்கிக்கொண்டே ஒரு அடி முன்னே வைத்தால் கை வெளியே வந்துவிடும். படிக்கச் சுலபம். ஒரு வளர்ந்த ஆள் நிஜமாகவே இறுக்கிப் பிடித்து உலுக்கும்போது பத்து முறை செய்து பார்த்தவருக்கு மட்டுமே அது கைவரும்.

கானோ ஒதுக்கிவைத்த கண், தொண்டை, தொடையிடுக்குத் தாக்குதல்களைக்கூட முழுப் பலத்தோடு பழக 1970களில் அமெரிக்காவில் ஒரு வழி பிறந்தது. 'மாடல் மக்கிங்' என்ற அந்த முறையில், தலை முதல் கால்வரை கனத்த பஞ்சுக் கவசம் அணிந்த ஒருவர் மாணவியைத் திட்டியபடி, தள்ளியபடி நெருங்குவார். இதயம் படபடக்க, கை நடுங்க, அவரை அவர் விழும்வரை அடிக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ ஒரு வகுப்பில் அப்படி ஒரு கவசம் தொங்கினால், அங்கே எந்தக் கலை என்று விசாரிக்காமலே சேரலாம்.

சட்டத்தையும் ஒரு வகுப்பிலாவது சொல்லித் தருவது நல்லது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. காவல் துறையை அணுக அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. உயிர் அச்சம், கொடுங்காய அச்சம், வன்புணர்வு முயற்சி, கடத்தல், அமிலத் தாக்குதல் ஆகியவற்றில் தாக்குபவரின் உயிர் போனாலும் சட்டம் காக்கும். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாக விளக்கியது. ஆபத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் விழுந்து கிடப்பவனை ஆத்திரம் தீர உதைத்தால் அது தற்காப்புக் கணக்கில் சேராது.

அரசுப் பள்ளி மாணவியருக்கு 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் என்று கிடைக்கிற பயிற்றுநரைக் கொண்டு நடத்துகிறார்கள். மூன்று மாதத்தில் ஒரு கலையைக் கற்றுவிட முடியாது. ஆனாலும் கட்டாவில் தொடங்கி, ஆண்டு விழா மேடையில் ஓடு உடைப்பதில் முடிகிற பள்ளிகள் உண்டு. விண்ட்சரின் பன்னிரண்டு மணி நேரப் பாடத்தை, வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் ஆறே வாரத்தில் முடித்துவிடலாம். அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, நம் வீட்டுச் சூழலுக்கு ஏற்ப எழுதித் தரத் தமிழ் தெரிந்த உளவியலாளர்களும் காவல் அதிகாரிகளும் இங்கே இருக்கிறார்கள். மீதி ஆறு வாரம் விழப் பழகவும், பிடியிலிருந்து வெளியே வரவும், ஒருவரையொருவர் நிஜமாகவே தள்ளிப் பார்க்கவும் போதும். அதற்குத் தேவைப்படுவது நான்கு மெத்தைகளும், பாவனை செய்ய மறுக்கும் ஒரு பயிற்றுநரும்.