மூளைக்கும் த்ராஷிங் வரும்

உங்க போன்ல எத்தனை குரூப் இருக்குனு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கிளாஸ் குரூப், ஸ்டாஃப் இல்லாத இன்னொரு கிளாஸ் குரூப், பிளேஸ்மென்ட் குரூப், புராஜெக்ட் டீம், ஹாஸ்டல், சிம்போசியம் கமிட்டி, கடைசியா சொந்தக்காரங்க குட் மார்னிங் அனுப்புற ஃபேமிலி குரூப். இது போக லேப்டாப்ல பாதியில நிற்கிற ரெண்டு ஆன்லைன் கோர்ஸ், 'அப்புறம் பார்க்கலாம்'னு சேவ் பண்ணி வச்ச வீடியோக்கள், மூட மனசே வராத பிரவுசர் டேப்கள்.

மத்தியானத்துக்குள்ள தலை கனக்கும். உருப்படியா ஒரு வேலையும் முடிஞ்சிருக்காது. 'சோம்பேறி ஆயிட்டோம்'னு நம்மை நாமே திட்டிக்குவோம். ஆனா ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் இந்த நிலைமைக்கு வேற பெயர் இருக்கு: த்ராஷிங்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். ரேம் என்பது படிக்கிற மேஜை மாதிரி. டிஸ்க் என்பது அலமாரி. மேஜையில் கொஞ்சம் பக்கங்களைத்தான் வைக்க முடியும். ஒரே நேரத்தில் நிறைய புரோகிராம்கள் ஓடினால், ஒன்றின் பக்கத்தை வைக்க இன்னொன்றின் பக்கத்தை அலமாரிக்கு அனுப்ப வேண்டும். அடுத்த நொடியே அந்தப் பழைய பக்கம் திரும்பத் தேவைப்படும். கடைசியில் பக்கங்களை மாற்றுவதே முழுநேர வேலையாகி, சி.பி.யு. சும்மா காத்திருக்கும்.

இதில் ஒரு கொடுமை என்னன்னா, சி.பி.யு. சும்மா இருக்கிறதைப் பார்த்து, 'வேலை பத்தலை போல'னு சிஸ்டம் இன்னும் நாலு புரோகிராமை உள்ளே விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பீட்டர் டென்னிங் 1968-லேயே இதற்கான காரணத்தையும் தடுக்கும் வழியையும் எழுதிட்டார்.

நாமும் அதைத்தானே செய்றோம்? படிப்பு நகரலைன்னா இன்னொரு கோர்ஸ்ல சேருவோம். இன்னொரு 'ரோட்மேப்' வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுவோம்.

நம்ம மேஜை ரொம்பச் சின்னது. ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தக்கூடியவை சுமார் 4 விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். அதனாலதான் 'ஒரு நிமிஷம் மெசேஜ் பார்த்துட்டு வரேன்' என்பது ஒரு நிமிஷத்தோட முடியறதில்லை.

சரி, தீர்வு? டென்னிங் சொன்ன வழி வேகமான சி.பி.யு. வாங்குவது இல்லை. ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்த நேரத்தில் உண்மையாகத் தேவைப்படும் பக்கங்களை 'வொர்க்கிங் செட்' என்றார். அதற்கு மேஜையில் இடம் இருந்தால் மட்டும் புரோகிராமை ஓட விடணும். இல்லைன்னா சிலதை நிறுத்தி வைக்கணும். நமக்கும் அதேதான். இந்த வாரம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்றால் ஒரு கோர்ஸ், ஒரு நோட்டு, அதற்கான டேப்கள் மட்டும். மற்றதை ஒரு பேப்பரில் எழுதிட்டு மூடிடுங்க. எழுதி வச்சது எங்கேயும் ஓடிப் போகாது.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். மைக்ரோபிராசஸர் படிச்சவங்களுக்குத் தெரியும், அது ஒரு இன்டரப்ட். அதைப் போலிங்கா மாத்துங்க. குரூப்களை மியூட் பண்ணிட்டு காலை, மதியம், மாலைன்னு நீங்களே போய்ப் பாருங்க. வீட்டிலிருந்து வர்ற கால் மட்டும் தடுக்கவே முடியாத இன்டரப்ட்டா இருக்கட்டும். 'டு நாட் டிஸ்டர்ப்'ல குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்.

களைப்பா இருக்குனு ரீல்ஸ் பார்க்கிறதும் ஓய்வு இல்லை. ஒவ்வொரு ரீலும் மேஜைக்கு வர்ற ஒரு புதுப் பக்கம். 2006-ல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோலில் 'அடுத்த பக்கம்' பட்டனே கிடையாது. நிறுத்தலாமான்னு யோசிக்க இருந்த ஒரே இடமும் போயிடுச்சு. அதுக்குப் பதிலா மொட்டை மாடியில பத்து நிமிஷம் போன் இல்லாம நடந்துட்டு வாங்க.

'மியூட் பண்ணா பிளேஸ்மென்ட் மெசேஜ் போயிடுமே?'ன்னு கேட்பீங்க. நியாயமான பயம். இன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்கு மூடுற ரிஜிஸ்ட்ரேஷன் லிங்க், எண்பது 'கங்கிராட்ஸ்'களுக்கு அடியில கிடந்தா ஒருத்தரோட வாய்ப்பே போகலாம். இதைத் தனி ஆளா யாரும் சரி பண்ண முடியாது. அட்மின் மட்டும் மெசேஜ் போடக்கூடிய மாதிரி வாட்ஸ்அப்ல ஒரு செட்டிங் இருக்கு. அறிவிப்புக்கு அப்படி ஒரு குரூப், வாழ்த்துக்கும் அரட்டைக்கும் வேறொன்று. அறிவிப்பு குரூப்பை மட்டும் மியூட் பண்ணாம விடுங்க, போதும். அரட்டை குரூப்பை மியூட் பண்ணவங்க யாரும் எதையும் இழக்கப் போறதில்லை.

இந்தக் கட்டுரை பிடிச்சிருந்தா எந்தக் குரூப்லயும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. நாளைக்குக் கேன்டீன்ல உங்க கிளாஸ் ரெப்பைப் பார்த்தா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அந்தச் செட்டிங்கைப் பத்தி நேர்ல சொல்லுங்க.