பள்ளிச் சம்பளத்தை யார் கட்டுவது?

பொழிச்சலூர், பல்லாவரத்தை அடுத்த ஊர். "வட திருநள்ளாறு" என்று பெயர் பெற்ற அகத்தீஸ்வரர் கோவில் இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் சனி பகவானைக் கும்பிடக் கூட்டம் கூடிவிடும். பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். தலைக்கு மேல் விமானம் பறந்தால் இங்குள்ள குழந்தைகள் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. பழகிப்போய்விட்டது!

இந்த ஊரில் ஒரு கொத்தனார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள்.

"கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாங்க. ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பார்கள்" என்கிறாள் மனைவி.

அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. சனிக்கிழமை தோறும் எள் விளக்கு ஏற்றுகிறவர்கள்தான். ஆசை இருக்கிறது, கையில் பணம் இல்லை.

அந்தச் சம்பளத்தை அரசாங்கம் கட்டுமா? எல்லோரும் கொடுக்கிற வரிப்பணம் ஒரு மதத்தார் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் இது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

மூன்று தாய்மார்கள்

அமெரிக்காவில் மோன்டானா என்று ஒரு மாநிலம். அங்கே 2015-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. உபகாரச் சம்பள நிதிக்கு ஒருவர் 150 டாலர் நன்கொடை கொடுத்தால், அவர் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்த 150 டாலரும் அப்படியே கழிந்துவிடும். கொடுத்தவருக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை! சேர்ந்த பணத்தில், தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பார்கள். அரிசோனா மாநிலத்தில் இதே மாதிரி சட்டம் 1997-லேயே வந்துவிட்டது.

ஆனால் மோன்டானாவின் வரி இலாகா, "மதப் பள்ளிகளுக்கு இந்தப் பணம் போகக் கூடாது" என்று விதி போட்டது. காலிஸ்பெல் நகரில் உள்ள ஸ்டில்வாட்டர் கிறிஸ்தவப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த மூன்று தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் மாநில சுப்ரீம் கோர்ட்டு, திட்டத்தையே ரத்து செய்துவிட்டது!

தாய்மார்கள் விடவில்லை. 2020 ஜூன் 30-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நீதிபதிகள் 5 பேர் ஒரு பக்கம். 4 பேர் மறு பக்கம். தாய்மார்களுக்கு வெற்றி! தனியார் பள்ளிக்கு உதவுவதும் உதவாததும் மாநிலத்தின் விருப்பம். உதவுவது என்று முடிவு செய்துவிட்டால், மதப் பள்ளி என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

"அது அரசாங்கப் பணமே அல்ல, கஜானாவுக்குள் வரவே இல்லையே!" என்பது ஆதரிக்கிறவர்களின் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வர வேண்டிய பணம் வாசலோடு திரும்பிவிட்டால், கஜானாவுக்குக் குறைவு குறைவுதானே?

நம் நாட்டு வழி

நம் நாட்டில் இப்படி வரியை அப்படியே கழிப்பது இல்லை. இங்கே அரசாங்கம் நேராகவே பணம் கொடுக்கிறது. இது வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு. 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் தனியார் பள்ளிகளுக்கு "மானியம்" கொடுக்க வழி திறந்தது. மிஷனரிப் பள்ளிகளும் பெற்றன. 1837-ல் தொடங்கி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, இன்றும் அரசு உதவி பெறும் கல்லூரிதான்.

அரசியல் சட்டம் இரண்டு நிபந்தனைகள் போடுகிறது. சிறுபான்மையோர் நடத்துகிற பள்ளி என்பதற்காக மானியத்தில் பாரபட்சம் காட்டக் கூடாது. மானியம் வாங்குகிற பள்ளி, மத வகுப்புக்கு வரும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொத்தனார் மகள் ஜெபத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒரு குறை உண்டு. மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவ-மாணவிகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. சில பள்ளிகளில் ஆங்கில வகுப்புகள் தனியாகச் சம்பளம் வாங்கி நடக்கின்றன. அதையும் விசாரிக்க வேண்டும்.

மூடிய கதவு

மானியம் வாங்காத தனியார் பள்ளிகளில்? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. செலவை அரசாங்கம் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால் 2014 மே 6-ந் தேதி நம் சுப்ரீம் கோர்ட்டு, "சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது" என்று தீர்ப்பு அளித்தது. ஆகவே பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் இலவச இடம் கேட்கலாம். கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளியில் கேட்க முடியாது! அமெரிக்காவில் கிறிஸ்தவப் பள்ளிக்கும் பணம் கொடு என்று வழக்கு. இங்கே பணமும் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம் என்று வழக்கு. 2025 செப்டம்பர் 1-ந் தேதி இரண்டு நீதிபதிகள், பழைய தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய பெஞ்சு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள்.

25 சதவீதத் திட்டமும் தடங்கல் இல்லாமல் நடந்ததாகச் சொல்ல முடியாது. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பணத் தகராறு. அதனால் 2025-ல் கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை, அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் பள்ளி திறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது! கடன் வாங்கிச் சம்பளம் கட்டியவர் எத்தனை பேரோ?

தர்மம் செய்கிறவருக்கு

நன்கொடை கொடுப்பவருக்கு நம் நாட்டிலும் வருமான வரிச் சலுகை உண்டு. "80-ஜி" என்று சொன்னால் ஆடிட்டர்களுக்குத் தெரியும். ஆனால் இது வரியில் கழிவது அல்ல, வருமானத்தில் கழிவது. அதுவும் பெரும்பாலும் பாதித் தொகைதான். 20 சதவீத வரி கட்டுகிறவர் 1,000 ரூபாய் கொடுத்தால், மிச்சம் ஏறக்குறைய 100 ரூபாய். மீதி 900 அவர் செய்த தர்மம்! புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த நூறும் இல்லை. ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று ஏற்பட்ட நிதிக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது.

கொத்தனார் என்ன செய்யலாம்? பள்ளி வாசலில் நான்கு கேள்வி கேட்கட்டும். "இது அரசு உதவி பெறும் பள்ளியா? என் மகள் சேருகிற வகுப்புக்கும் அந்த உதவி உண்டா? சிறுபான்மைப் பள்ளியா? ஏழைப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் ஏதாவது இருக்கிறதா?" 25 சதவீத இடத்துக்கு மனுப் போடுவதானால், குழந்தையின் பிறப்புச் சான்றும் வீட்டு முகவரிச் சான்றும் தேவை. நலிந்த பிரிவில் கேட்பவரின் வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்குத் தாசில்தார் சான்றிதழ் வேண்டும். அதைக் கோடை வருமுன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.