0.32 அங்குலக் கைத்துப்பாக்கி

0.32 அங்குலக் கைத்துப்பாக்கி என்பது 7.65 மில்லிமீட்டர் தோட்டாவைப் பயன்படுத்தும் சிறிய அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி ஆகும். பேச்சு வழக்கில் இது "முப்பத்திரண்டு பிஸ்டல்" எனப்படுகிறது. அமெரிக்கப் படைக்கல வடிவமைப்பாளரான ஜான் மோசஸ் பிரௌனிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இவ்வடிவமைப்பு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் பெரிய மாற்றமின்றித் தயாரிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் பொதுமக்கள் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளக்கூடிய அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் இதுவே பரவலாக அறியப்பட்டது. இதன் வரலாறு, செயற்படும் விதம், இந்தியச் சட்டத்தின்கீழ் இதனைத் தெரிவு செய்வதில் கருத வேண்டியவை, பாதுகாப்பு ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சொற்பொருள்

கைத்துப்பாக்கிகள் இரு பெரும் வகைப்படும். தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமைந்திருப்பது சுழல்துப்பாக்கி. இது ரிவால்வர் எனப்படும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் பேழையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது அரைத்தானியங்கி. இது பிஸ்டல் எனப்படும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும். ஆனால் வெற்று உறையை வெளியேற்றுவதும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் தாமாகவே நிகழும். ஆகவேதான் இது "அரைத்தானியங்கி" எனப்படுகிறது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடுவது முழுத்தானியங்கி ஆகும்.

வரலாறு

பிரௌனிங் (1855–1926) அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் வடிவமைத்த 1900 மாதிரிக் கைத்துப்பாக்கியைப் பெல்ஜியம் நாட்டின் எர்ஸ்டால் நகரிலுள்ள எஃப்.என். நிறுவனம் தயாரித்தது. குழலின்மேல் முன்பின்னாக நகரும் எஃகு மூடி இத்துப்பாக்கியின் முக்கியமான புதுமையாகும். இதற்கெனவே உருவாக்கப்பட்டது 7.65 மி.மீ. தோட்டா. அமெரிக்காவில் இத்தோட்டா 0.32 அங்குலம் எனப் பெயரிடப்பட்டது. 1903இல் கோல்ட் நிறுவனமும் பிரௌனிங்கின் மற்றொரு வடிவமைப்பை இதே தோட்டாவுக்காக வெளியிட்டது.

பெரிய தோட்டாக்களுக்கான பிரௌனிங் வடிவமைப்புகளும் புகழ்பெற்றவை. 0.45 அங்குல எம்1911 கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அவர் தொடங்கி வைத்த 9 மி.மீ. "ஹை பவர்" துப்பாக்கியை அவரது மறைவுக்குப் பின் தியோதொனே சேவ் என்பவர் நிறைவு செய்தார். அது 1935இல் வெளிவந்தது. இந்தியப் படைகளுக்கான இதன் வடிவம் மேற்கு வங்காளத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது.

இந்திய வரலாற்றில் பிரௌனிங் துப்பாக்கிகள்

1909இல் இலண்டனிலிருந்து இரகசியமாக அனுப்பப்பட்ட இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் இந்தியா வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைக் கொண்டே 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனை அனந்த் கன்னேரே சுட்டுக் கொன்றார்.

தமிழ்நாட்டில் இவ்வகைத் துப்பாக்கி வரலாற்றில் இடம்பெற்றது 1911 ஜூன் 17 அன்றாகும். திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ் மணியாச்சித் தொடர்வண்டிச் சந்திப்பில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தார். பின்னர் வாஞ்சிநாதன் தம்மையும் சுட்டுக்கொண்டார். பயன்பட்ட துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் ஆகும். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்றழைக்கப்படுகிறது. அலகாபாத்தில் 1931 பிப்ரவரி 27 அன்று காவல்துறையுடன் நிகழ்ந்த மோதலில் உயிர்துறந்த சந்திரசேகர ஆசாத்திடம் இருந்தது 1903 மாதிரி கோல்ட் துப்பாக்கியாகும். அது அந்நகரின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

ஆஷ் கொலைக்கு 19 ஆண்டுகளுக்குப் பின்னர், 1930 ஏப்ரலில், இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்ற தொண்டர்கள் படைக்கலம் எதுவுமின்றி உப்புச் சட்டத்தை மீறினர். ஆயுதம் ஏந்திய எதிர்ப்பு, ஏந்தா எதிர்ப்பு ஆகிய இரண்டுமே பொதுமக்களின் துப்பாக்கி உரிமையை ஒடுக்கிய சூழலில் நிகழ்ந்தவை. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் அச்சட்டத்தின் இடத்தை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பெற்றது.

செயற்படும் விதம்

தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வளிமம் குண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதே விசையில் வெற்று உறையைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. 0.32 துப்பாக்கியில் குழலையும் மூடியையும் பூட்டும் அமைப்பு எதுவும் இல்லை. மூடியின் எடையும் சுருள்வில்லின் எதிர்ப்புமே மூடி உடனே திறந்துவிடாமல் தடுக்கின்றன. குண்டு குழலை விட்டு வெளியேறிய பின்னரே மூடி போதிய அளவு பின்னகர்கிறது. அப்போது வெற்று உறை வெளியேறுகிறது. சுருள்வில் மூடியை மீண்டும் முன்னே தள்ளும்போது பேழையின் மேலிருக்கும் தோட்டா வெடியறைக்குள் நுழைகிறது.

இவ்வெளிய முறை குறைந்த ஆற்றல் கொண்ட தோட்டாக்களுக்கே பொருந்தும். 0.32 குண்டின் எடை ஏறத்தாழ 4.6 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 275 மீட்டர். எனவே அதன் இயக்க ஆற்றல் சுமார் 170 ஜூல் ஆகும். 9 மி.மீ. தோட்டாவில் இது 500 ஜூலை நெருங்குகிறது. அத்தகைய தோட்டாவை இம்முறையில் பயன்படுத்தினால் மூடி மிகவும் கனமாக இருக்க வேண்டியிருக்கும். ஆகையால் எம்1911, ஹை பவர் ஆகியவற்றில் குழலும் மூடியும் முதலில் பூட்டிய நிலையில் சிறிது தொலைவு பின்னகர்ந்து, பின்னர் குழல் கீழிறங்கிப் பூட்டு விடுபடும் வகையில் பிரௌனிங் வடிவமைத்தார். அதற்கு நுட்பமான கடைசல் வேலை தேவை. பூட்டமைப்பு இல்லாத 0.32 வகை குறைந்த உறுப்புகளைக் கொண்டது. குறைந்த செலவில் தயாரிக்கக்கூடியது. இதன் நீண்ட ஆயுளுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்தியாவில் தெரிவு செய்தல்

எம்1911, ஹை பவர் போன்ற புகழ்பெற்ற மாதிரிகளைப் பற்றிப் படிப்பவர்கள் அவற்றை இந்தியாவில் வாங்க இயலுமா என வினவுவது இயல்பு. 0.45 அங்குலமும் 9 மி.மீட்டரும் தடை செய்யப்பட்ட அளவுகள் ஆகும். மாவட்ட அளவில் வழங்கப்படும் பொது உரிமத்தில் இவற்றை வாங்க முடியாது. எனவே பொதுமக்களுக்கான தெரிவு 0.32, 0.22 போன்ற அளவுகளுக்குள் சுருங்குகிறது.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியில் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகள் மட்டுமே உரிமம் பெற்றவர்களிடையே கைமாறுகின்றன. அரிதாகிவிட்டதால் அவற்றின் விலை அவை பிறந்த நாட்டு விலையைக் காட்டிலும் பல மடங்கு உயர்ந்துள்ளது. இவ்விலை அருமையின் விலையே அன்றித் தரத்தின் விலை அன்று. பல பத்தாண்டுகள் பழைமையான சுருள்வில் தளர்ந்திருக்கலாம். மாற்று உறுப்புகளும் எளிதில் கிடைப்பதில்லை.

இந்நிலையில் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது "அசனி" என்னும் இந்தியத் தயாரிப்பாகும். அசனி என்பதற்குத் தமிழ், வடமொழி இரண்டிலும் இடி என்று பொருள். 0.32 தோட்டாவைப் பயன்படுத்தும் இந்த அரைத்தானியங்கி, கொல்கத்தாவின் காசிப்பூர் துப்பாக்கி மற்றும் எறிகணைத் தொழிற்சாலையில் தயாரிக்கப்படுகிறது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை 0.32 சுழல்துப்பாக்கிகளைத் தயாரிக்கிறது. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டபின் இவ்விரண்டும், காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன. விலையைக் கணக்கிடும்போது கைத்துப்பாக்கிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி மிக உயர்ந்த வீதத்தில் விதிக்கப்படுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெரிவு செய்யும்போது பின்வருவன கருதத்தக்கவை:

1. நோக்கம்: இலக்குச் சுடுதலே நோக்கம் எனில் இத்துப்பாக்கி தேவையில்லை. 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 0.177 அங்குலத்துக்கு மிகாத விட்டமும் கொண்ட காற்றழுத்தத் துப்பாக்கிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் போட்டி காற்றழுத்தக் கைத்துப்பாக்கிக்கானது. மாணவர்களுக்கு இதுவே பொருத்தமான தொடக்கம்.

2. சுழல்துப்பாக்கியா, அரைத்தானியங்கியா: சுழல்துப்பாக்கியில் தோட்டா உள்ளதா என்பதை உருளையைத் திறந்தவுடன் கண்ணால் காணலாம். அரைத்தானியங்கி தட்டையானது, விரைவில் மீளேற்றக்கூடியது. ஆனால் வெடியறையில் தோட்டா உள்ளதா என்பது வெளியே தெரியாது. பயிற்சிக்கு நேரம் ஒதுக்க இயலாதவருக்குச் சுழல்துப்பாக்கியே ஏற்றது.

3. நிலை: பழைய துப்பாக்கியாயின் குழலின் உட்புறத்தில் துரு அரிப்பு உள்ளதா, காப்பு விசை உறுதியாக நிற்கிறதா, பேழையின் விளிம்புகள் வளையாமல் உள்ளனவா எனக் காண வேண்டும். தோட்டா சிக்கிக்கொள்வதற்குப் பேழைக் குறைபாடு ஒரு முக்கியக் காரணமாகும்.

4. ஆவணம்: துப்பாக்கியின் வரிசை எண் விற்பவரின் உரிமத்தில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். தனியாரிடமிருந்து வாங்குவதாயின், சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி விற்பவர் 45 நாட்களுக்கு முன்னரே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

உரிமம்

உரிமம் பெறும் முன் துப்பாக்கியை வாங்க இயலாது. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தை மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியர் பரிசீலிக்கிறார். காவல் ஆணையரகங்கள் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையர் பரிசீலிக்கிறார். வேதாரண்யத்தில் வசிப்பவர் நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியரகத்தை அணுக வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கை பெறப்படும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கோருகின்றன. தேவை உள்ளது என அதிகாரி கருதாவிடில் உரிமம் மறுக்கப்படலாம்.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. திருமணம் போன்ற விழாக்களில் பிறருக்கு ஆபத்து நேரும் வகையில் சுடுவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கான தண்டனையும் கூட்டப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கி இதனால் உண்மையில் மலிவானதன்று. அதன் குழல் வெடித்துச் சுடுபவரின் கையையே சிதைக்கும் வாய்ப்பும் உண்டு.

தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணையிடப்படுவது வழக்கம். கோடியக்கரை போன்ற காட்டுயிர் உய்விடங்களுக்குள், உரிமம் இருப்பினும், முன் அனுமதியின்றித் துப்பாக்கியுடன் நுழையக் கூடாது. உரிமதாரர் இறந்துவிட்டால் குடும்பத்தினர் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். தாத்தாவின் பழைய துப்பாக்கி பரணிலேயே கிடந்தால், நாளடைவில் அது உரிமமற்ற துப்பாக்கியாகி, அறியாமலேயே பேரனைக் குற்றவாளி ஆக்கிவிடும். மரபுரிமையாளர் தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கவும் விதிகளில் இடமுண்டு.

பாதுகாப்பு

அரைத்தானியங்கித் துப்பாக்கிகளால் நேரும் விபத்துகளில் பல, "பேழையைக் கழற்றிவிட்டேன், எனவே துப்பாக்கி காலி" என்னும் தவறான எண்ணத்தால் நிகழ்கின்றன. பேழையைக் கழற்றிய பின்னும் வெடியறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கக்கூடும். காலி செய்யும் முறையின் வரிசை முக்கியமானது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விசையில் விரல் படாமல், முதலில் பேழையைக் கழற்ற வேண்டும்; அதன் பின்னரே மூடியைப் பின்னிழுத்து வெடியறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றி மூடியை முதலில் இழுத்தால் உள்ளிருக்கும் தோட்டா வெளியேறும். ஆனால் பேழையிலிருந்து புதிய தோட்டா ஒன்று ஏறிவிடும். பின்னர் பேழையைக் கழற்றினாலும் துப்பாக்கி சுடும் நிலையிலேயே இருக்கும்.

துப்பாக்கியும் தோட்டாக்களும் தனித்தனியே, பூட்டிய பெட்டிகளில், குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்கப்பட வேண்டும். வீட்டில் மனச்சோர்வுக்கு உள்ளானவரோ குடிப்பழக்கம் உள்ளவரோ இருப்பின் துப்பாக்கி வைத்திராமல் இருப்பதே நன்று. துப்பாக்கி களவு போனாலோ தொலைந்தாலோ உடனடியாகக் காவல் நிலையத்தில் அறிவிக்க வேண்டும்.

பராமரிப்பு

வேதாரண்யம் போன்ற உப்பளங்கள் சூழ்ந்த கடலோரப் பகுதிகளில் காற்றிலுள்ள உப்பும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரமும் எஃகை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே துப்பாக்கியை நெடுநாள் தோலுறைக்குள் வைத்தல் ஆகாது. துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய பெட்டியில் வைக்கலாம். எண்ணெய் மிகுந்து தோட்டாவுக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்காவிடில், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே அரை நிமிடமாவது பிடித்திருந்து, அதன் பின்னரே வெளியேற்ற வேண்டும். சில வேளைகளில் அது தாமதமாக வெடிக்கக்கூடும்.