வால்வுக்குள் வளரும் எலும்பு

கோவையைச் சுற்றி, போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் குழாயை உப்பு அடைத்துக்கொள்வது எல்லோருக்கும் பழகிய தொல்லை. அதனால் எக்கோ எடுத்துவிட்டு, "இருதய வால்வுல கால்சியம் படிஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னதும், "உப்புத்தண்ணி குடிச்சதாலயாங்க? சிறுவாணித் தண்ணிக்கு மாறிக்கட்டுங்களா?" என்று கேட்கத் தோன்றுகிறது. மாறினாலும் வால்வு இளகாது. குழாயில் ஒட்டுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வால்வில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். நம் எலும்பில் இருக்கும் தாதுவும் அதுதான். அதை அங்கே சேர்ப்பவை வால்வின் சொந்தச் செல்கள்.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதை வெறும் படிவு என்றுதான் நம்பியது. ஜெர்மானிய நோயியலாளர் மோன்கபெர்க் 1904-இல் இதை வயதின் தேய்மானமாக விவரித்தார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 2001-இல், எமில் மோலர் குழுவினர் அறுவை சிகிச்சையில் அகற்றிய 347 வால்வுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 36 வால்வுகளில் முதிர்ந்த எலும்பே இருந்தது, சிலவற்றில் மஜ்ஜையோடு! இருதயத்துக்குள் எலும்பு மஜ்ஜை என்பதைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இருதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலான அயோர்ட்டிக் வால்வின் இதழ்கள் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதவை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. அந்த உழைப்பில் இதழின் மேற்படலம் சிதையும் இடத்தில் கெட்ட கொழுப்பு புகுகிறது, அழற்சி தொடங்குகிறது. அப்போது எழும் பி.எம்.பி-2 போன்ற புரதச் சமிக்ஞைகள் இதழுக்குள் இருக்கும் செல்களில் ரன்க்ஸ்-2 என்ற மரபணுவை எழுப்புகின்றன. கருவில் நம் எலும்புக்கூட்டைக் கட்டுவித்த மரபணு அது. விழித்தபின் அது தன் பழைய வேலையையே செய்கிறது. இந்த எலும்பாக்கச் செல்களின் அடையாளங்களை 2003-இல் நளினி ராஜமன்னன் குழு மனித வால்வுகளில் காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வுகளிலும் இதே கதைதான் என்று 2005-இல் தெரிந்தது. குழந்தைகளின் தொண்டைத் தொற்றிலிருந்து தொடங்கும் அந்நோய் இன்னும் ஒழியாத நம் நாட்டுக்கு இது முக்கியமான செய்தி.

செல்கள் செய்யும் வேலை என்றால் மருந்தால் நிறுத்தலாமே? முயன்றார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் தோற்றன. எலும்புத் தேய்வுக்குத் தரும் அலென்ட்ரோனேட்டும் டெனோசுமாபும்கூட 2021-இல் வெளியான ஆய்வில் பலன் தரவில்லை. இன்றைக்கு வழி, வால்வை மாற்றுவதுதான். நெஞ்சைத் திறந்து மாற்றலாம். அல்லது 2002-இல் பிரான்சில் அலைன் கிரிபியே தொடங்கிய முறையில், தொடை ரத்தக்குழாய் வழியே புது வால்வை ஏற்றலாம். அது கோவையிலும் நடக்கிறது. மருதமலைப் படியில் முன்பில்லாத மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் வயதின் மேல் பழிபோட்டு நாள் கடத்தக் கூடாது.

இப்போது ஆய்வாளர்களின் பார்வை லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளின் மேல் திரும்பியிருக்கிறது. மரபுவழி வரும் இதன் அளவு ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் சராசரியில் அதிகம். இதைக் குறைக்கும் ஊசிமருந்துகள் வால்வு இறுகுவதைத் தாமதப்படுத்துமா என்று சோதித்துவருகிறார்கள்.