பேராக்கின் கற்பலகைக் கல்லறைகள்

கம்போங் ராஜாவின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தானா ராத்தா, ரிங்லெட் வழியாக மலையிறங்கித் தாப்பாவை அடைந்து, பீடோரையும் கடந்து தெற்கே பிரயாணம் செய்யும் நம்மவர் அநேகர். ஆயினும் வழியில் எதிர்ப்படும் சுங்காய், சிலிம் பள்ளத்தாக்குகளிலும் அவற்றையடுத்த பெர்னாம் பள்ளத்தாக்கிலும் மலேசியாவின் பிராசீன சரித்திரத்துக்குச் சாட்சியான கல்லறைகள் கண்டெடுக்கப்பட்டன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

பெரிய கருங்கற்பலகைகளைச் செங்குத்தாக நாட்டிப் பக்கச் சுவர்களாக்கி, மேலே மூடுகல் இட்டு அமைத்த இக்கல்லறைகளில் ஒரு தொகுதியை, 1920-களின் பிற்பகுதியில், ஐவர் ஈவான்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் சங்காட் மெந்தேரியில் அகழ்ந்து ஆராய்ந்தார். இவ்வகைக் கல்லறைகளில் மட்பாண்டங்களும், கண்ணாடி மணிகளும், சூதுபவள மணிகளும், இரும்புக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன.

பெருங்கல் என்றவுடன் கற்காலம் என்று எண்ணிவிடுவது சகஜம். அயர்லாந்தில், குளிர்கால அயனத்தின்போது உதயசூரியனின் கிரணம் உள்ளறை வரை புகும்படி கி.மு. 3200-ஐ ஒட்டி எழுப்பப்பட்ட நியூகிரேஞ்ச் நடைவழிக் கல்லறை, உலோகம் அறியாத புதிய கற்கால மக்களின் சிருஷ்டிதான். பேராக்கின் கல்லறைகளோ, அவற்றுள் கிடைத்த இரும்பே சான்றுரைப்பதுபோல, அதற்கு மிகவும் பிற்பட்ட உலோக காலத்தைச் சேர்ந்தவை.

தமிழகத்திலும், பெருங்கற்கால ஈமச் சின்னங்களிற் பெரும்பாலானவை இரும்பு வழங்கிய காலத்தவையே. பழனி மலையில் உள்ள, கல்திட்டைகள் எனப்படும் இத்தகைய சின்னங்களைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. நொய்யற்கரைக் கொடுமணலில் சூதுபவள மணிகள் செய்யும் பட்டறைகள் இருந்தமை அகழாய்வில் வெளிப்பட்டது. ஆனால் கல்லும் மணியும் ஒத்திருப்பது ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு பேராக்கின் கல்லறைகளைத் தமிழர் எழுப்பினர் என்று சாதிப்பது ஆராய்ச்சி நெறிக்கு அடாது. மணிகள் வாணிபத்தால் கடல் கடந்து செல்லக்கூடியவை.

மெய்யான ஒற்றுமை மறதியில் இருக்கிறது. எழுப்பியவர் யாரென்ற ஞாபகம் அற்றுப்போனபின், தமிழ்நாட்டுக் கிராமத்தார் கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் அழைத்தனர். மலாய்க் கிராமத்தாரோ, மண்ணில் அகப்பட்ட பழைய இரும்புக் கருவிகளை மாவாஸ் என்னும் விசித்திர வாநரத்தின் எலும்புகள் என்று நம்பினர். இக்கதைகள் ரசமானவை, எனினும் கருவி கிடந்த இடமும் ஆழமும் குறிக்கப்படாமல் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டால், கதை மட்டுமே எஞ்சி, சரித்திரம் நஷ்டமாகிறது.

ஒரு பிரதேசத்தின் முன்னோர் நம் குலத்தவரா அல்லரா என்று விசாரித்த பின்னரே அவர்களுடைய ஈமச் சின்னங்களைப் பேணுவோம் என்பது பண்பாகாது. அம்மண்ணில் உழைத்து வாழ்வோர் யாவருக்கும் அவை பொதுவான ஆஸ்தி. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம், இத்தகைய பழம்பொருளைக் காண்பவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே, தோட்டத்திலோ காய்கறிப் பாத்தியிலோ மண்வெட்டி ஒரு பழங்கல்லிலோ மணியிலோ தட்டுமானால், அதை அசைக்காமல் விட்டு மாவட்ட அதிகாரிக்கு அறிவியுங்கள்.