குதிரை வைத்தியமும் மருந்துக் கடையும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரத்தைச் சுற்றியுள்ள தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஐயனார் கோயில்களில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. உயிருள்ள குதிரையைக் காண்பதோ அரிது. ஜட்கா வண்டி போனபின் உதகை, கொடைக்கானல், சென்னைக் கடற்கரை முதலிய இடங்களில் சவாரிக்கு விட்டு அன்றாடம் கூலி காண்போரிடமே அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. குதிரை அருகவே, குதிரை வைத்தியம் அறிந்தோரும் அருகினர். இருமலோ புண்ணோ கண்டால், ஏழைச் சொந்தக்காரர் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மருந்தை வாங்கித் தாமே கொடுத்துவிடுகிறார். இது எத்தகைய அபாயம் என்பதை எடுத்துரைப்பது நம் கடமையாகிறது.

நம் நாட்டுக்கு இது புதிய துன்பமன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள், பேணத் தெரிந்தவரின்றி ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்தன என்று எழுதிவைத்தார். அன்று மருந்தில்லாமல் மாண்டன. இன்று மருந்தினாலேயே மாளக்கூடும்.

காரணம் குதிரையின் வயிற்றில் இருக்கிறது. அது தின்ற புல், பெருங்குடலில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களால் புளித்தே உணவாகிறது. மனிதருக்குப் பல் வைத்தியர் சாதாரணமாக எழுதித்தரும் கிளிண்டமைசினையும் அதன் இனமான லின்கோமைசினையும் குதிரைக்கு வாய்வழி கொடுத்தால், அந்நுண்ணுயிர்கள் அழிந்து, கொடிய கழிச்சல் கண்டு, குதிரை சில தினங்களில் இறந்துவிடலாம். அமாக்ஸிசிலின் மாத்திரையோ வளர்ந்த குதிரையின் ரத்தத்தில் மிகச் சிறிதளவே சேரும். மிச்சம் குடலில் தங்கிக் கெடுதி செய்யும். ஜென்டாமைசின் நல்ல மருந்துதான். ஆயினும் நீர் வற்றிய குதிரைக்கு, அதிலும் வலிமருந்தாகிய பினைல்பியூட்டசோனுடன் கொடுத்தால், சிறுநீரகம் பழுதாகும். என்ரோபிளாக்ஸசின் குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். புரோகெயின் பெனிசிலினைத் தசையில் குத்த வேண்டுமேயன்றி நரம்பில் ஒருபோதும் ஏற்றலாகாது.

அளவிலும் தவறு நேர்கிறது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்குப் புரோகெயின் பெனிசிலின், கிலோவுக்கு 22,000 யூனிட் வீதம், வேளைக்கு 88 லட்சம் யூனிட் வேண்டும். இதனை நாளைக்கு இருவேளை செலுத்துவது வழக்கம். காசுக்கு அஞ்சிக் கால்பங்கு கொடுத்தால் நோய் தீராது. மருந்தை எதிர்க்கக் கற்ற கிருமிதான் பிழைக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே இதை எச்சரித்தார். அக்கிருமி லாயத்தோடு நிற்பதில்லை; குதிரைக்காரரின் கைக்கும் அவர் குழந்தையின் வாய்க்கும் வரும்.

எல்லா நோய்க்கும் இம்மருந்து வேண்டுவதுமில்லை. தாடையின் கீழ்க் கழலை வீங்கிச் சீழ் பிடிக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் நோயில், மூச்சு முட்டாத குதிரைக்கு வெந்நீர் ஒற்றடமிட்டு, சீழை வெளியேற்றி, மற்றக் குதிரைகளினின்று பிரித்துவைப்பதே பெரும்பாலும் போதும். மருந்து அவசியமெனில், முதல் ஊசிக்கு முன்பே சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது சிலாக்கியம். எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பது அதனால் விளங்கும்.

நிற்க, சட்டம் இல்லாமலில்லை. 1984-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற வைத்தியரே கால்நடை வைத்தியம் செய்யலாம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணை மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது. 2013-இல் சேர்த்த எச்1 அட்டவணை மருந்துகளுக்கு, விற்றதைப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். ஏட்டில் இவ்வளவும் உண்டு. கடை மேஜையில் எவ்வளவு உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். சீட்டுக் கேட்கும் கடைக்காரரை நாம் கோபிப்பதும் ஒரு வேடிக்கை.

கடைக்காரரை மட்டும் நோவதும் நியாயமன்று. வைத்தியர் கிட்டாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்? 1903-இல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை வைத்தியக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நெய்வேலிக்கு அண்மையில் புதுச்சேரியிலும் ஒரு கல்லூரி உண்டு. சவாரிக் குதிரைகள் நிற்கும் ஊர்களுக்கு மாதம் ஒருமுறை குதிரை வைத்தியம் பயின்றவரைச் சர்க்கார் அனுப்பவேண்டும். அவர் மருந்தின் பெயர், அளவு, நாட்கணக்கு ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதுவரையில், குதிரை தீனி மறுத்தாலோ காய்ச்சல் கண்டாலோ, கடைக்குப் போகுமுன் 1962 என்னும் எண்ணை அழைத்துக் கால்நடை வைத்தியரின் யோசனையைக் கேட்குமாறு குதிரைக்காரர்களை வேண்டிக்கொள்ளுகிறோம். முன்பு கொடுத்த மருந்தின் அட்டையை எறியாமல் வைத்திருந்து அவரிடம் காட்டுவது மிகவும் உதவும்.