ஆர்க்கிமிடீஸின் கல்லறை எங்கே?

இத்தாலியின் சிசிலித் தீவில், கீழைக்கடற்கரையில் அமைந்த தொன்மையான நகரம் சிரக்யூஸ். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்துக் கிரேக்கர்கள் குடியேறிய ஊர் இது. கணித மேதை ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212இல் ரோம வீரன் ஒருவனின் வாளுக்கு இரையானதும் இங்கேதான்.

நகரின் பழம்பகுதியான ஓர்த்திஜியாவில் உள்ள பேராலயம் காண்போரை வியப்பில் ஆழ்த்தும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அதீனா என்னும் தெய்வத்திற்கு எழுப்பப்பட்ட கோயில் அது. தூண்களுக்கிடையே சுவரெழுப்பிக் கிறிஸ்தவர்கள் அதனைத் தேவாலயமாக்கினர். ஹிஜ்ரி 264இல் (கி.பி. 878) ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் அக்லபியர் படை நகரைக் கைப்பற்றியது. அது பெரும் உயிர்ச்சேதம் விளைத்த வெற்றி என்பதை மறைப்பதற்கில்லை. அதன்பின் அக்கட்டடம் பள்ளிவாசலாக விளங்கியதென்பர். 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் வந்தபின் மீண்டும் தேவாலயமாயிற்று. கிரேக்கத் தூண்கள் மட்டும் இன்றும் சுவர்களில் புடைத்து நிற்கின்றன.

நகரின் வடபால், பாறையைக் குடைந்தமைத்த கிரேக்க அரங்கு உள்ளது. அங்கிருந்து சிறிது தொலைவில் பாவ்லோ ஓர்ஸி தொல்பொருளகம் மண்கலங்களையும் சலவைக்கல் சிலைகளையும் காத்து வருகிறது. அரங்கை அடுத்த பகுதியில் 'ஆர்க்கிமிடீஸின் கல்லறை' என ஒரு குகையைக் காட்டுவர். உண்மையில் அது ரோமர் காலத்து ஈமக்குகை. மெய்யான கல்லறையை, கோளமும் உருளையும் பொறித்த அதன் அடையாளத்தைக் கொண்டு, முட்புதருக்குள் தாம் கண்டறிந்ததாக ரோமப் பேரறிஞர் சிசரோ எழுதியுள்ளார். அதன்பின் அது மறைந்தே போயிற்று.

ஆயின், அம்மேதையின் அறிவு மறையவில்லை. சிரக்யூஸ் முற்றுகைக்கு உள்ளான அதே நூற்றாண்டில், பாக்தாதில் ஸாபித் இப்னு குர்ரா அவருடைய நூல்களை அரபியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கான எழுகோணம் வரைவது பற்றி ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் நூலின் கிரேக்க மூலம் இன்றில்லை. அரபி வடிவமே எஞ்சியுள்ளது. அவர் வழிநின்று பனூ மூஸா சகோதரர் மூவர் இயற்றிய அளவியல் நூல், 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்ந்து ஐரோப்பியரை அடைந்தது.

ஸாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியர். ஆர்க்கிமிடீஸோ பல தெய்வங்களை வழிபட்ட சமூகத்தவர். ஆயினும் அன்றைய பாக்தாத் இருவரையும் ஒதுக்கவில்லை. சொன்னவர் யாரென்று நோக்காது, சொன்னது மெய்யா என்று நோக்கியது. படை வென்ற நகரம் இரு நூற்றாண்டுகளில் கைநழுவியது. பேனா காத்த நூல் இன்றும் நிலைத்திருக்கிறது. சிரக்யூஸின் இடிபாடுகளிடையே நிற்கும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவே.